புகை அடங்கிய கங்கு

ஜனவரி 4, சனி

உரக்கடைக்காரர் இந்த வருஷமும் டைரி கொடுத்துவிட்டார். அட்டையில் குழந்தைத் தலை பெரிசுக்கு ஓர் உருளைக்கிழங்கு. அப்படி ஒரு கிழங்கை எங்கள் கொடைக்கானல் மேல்மலையில் எவனும் தோண்டியதில்லை. போன வருஷத்து டைரியில் ஆடி மாதத்துக்கு மேல் ஒன்றுமே எழுதவில்லை. என் வீட்டுக்காரி வெள்ளையம்மா இறந்துபோன மாதம் அது. இந்த வருஷம் விடாமல் எழுத வேண்டும்.

காலையில் கதவைத் திறந்தால் முற்றம் முழுக்க வெள்ளை. உறைபனி. புல்லில் கால் வைத்தால் நொறுங்குகிறது. தைப்பனி தரையைத் துளைக்கும் என்பார்கள். தை பிறக்க இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் அவசரம் அதற்கு. பக்கத்து வீட்டுச் சடையாண்டி தன் போனை நீட்டி, "பாரு மச்சான், சீரோ காட்டுது" என்றான். போன் காட்டித்தான் தெரிய வேண்டுமா? எனக்குக் காது மடல் சொல்லிவிடும்.

பனி விழுந்த உருளைக்கிழங்குச் செடிக்கு வெயில் ஏறுமுன் தண்ணீர் தெளித்துக் கழுவிவிட வேண்டும். பனியோடு வெயில் பட்டால் இலை கருகிவிடும். ஆனால் இன்று காட்டுக்குப் போகவில்லை. வீட்டில் பச்சை உடம்புக்காரி இருக்கிறாள். மகள் தமயந்தி தலைப்பிரசவத்துக்கு வந்து, பேரன் பிறந்து மூன்று வாரம் ஆகப்போகிறது. "அம்மா இல்லாத வீட்டுக்கு ஏன் அனுப்பணும், வத்தலக்குண்டுலயே பார்த்துக்கிறோமே" என்று சம்பந்தியம்மாள் சொன்னார்கள். முதல் பிள்ளை அப்பன் வீட்டில்தான் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். அம்மா இல்லாவிட்டால் நான் இல்லையா? பூண்டுக் குழம்பு வைக்கிறேன். சுறாப்புட்டு செய்கிறேன். பிரசவ லேகியம்கூடக் கிண்டினேன். அது அடிப்பிடித்துவிட்டது. தமயந்தி முகத்தைச் சுளிக்காமல் விழுங்கினாள். பிள்ளையைக் குளிப்பாட்ட மட்டும் சடையாண்டி பெண்டாட்டி பூங்கோதை வந்து போகிறாள்.

வீட்டில் மறுபடி பேச்சுச் சத்தம் இருக்கிறது. அடுப்பும் நன்றாக எரிகிறது.

ஜனவரி 5, ஞாயிறு

இன்று நேற்றைவிட மோசம். குழாயில் தண்ணீர் வரவில்லை, உள்ளேயே உறைந்துவிட்டது. தமயந்தியின் அறையில் சுவரைத் தொட்டால் கை விறைக்கிறது. பிள்ளையின் மூக்கு நுனி சில்லிட்டிருந்தது.

தமயந்தி பிறந்ததும் இதே மார்கழியில்தான். அப்போது இருந்தது பழைய வீடு, மண்சுவர், தகரக் கூரை. வெள்ளையம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் கங்குச் சட்டி வைத்துக்கொண்டுதான் பிள்ளையைக் காப்பாற்றினாள். எங்கள் ஊரில் பிள்ளை பெற்ற அறையில் கங்கு இல்லாமல் இருக்காது. அந்தச் சட்டியைப் பரணிலிருந்து எடுத்துத் துடைத்தேன்.

இதில் ஒரு பக்குவம் இருக்கிறது. மரக்கரியை உள்ளே வைத்துப் பற்றவைக்கிறவன் மடையன். நான் முற்றத்தில் வைத்து ஊதி, கடைசிப் புகையும் அடங்கி, கரி முழுக்கச் சிவந்த பிறகுதான் உள்ளே கொண்டு போய்க் கட்டிலுக்கு அடியில் வைப்பேன். புகை பிள்ளைக்கு ஆகாது. குனிந்து முகர்ந்துகூடப் பார்த்தேன், ஒரு வாசனையும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அறை கதகதவென்று ஆகிவிட்டது. கறுப்பி முதல் ஆளாக வந்து சட்டிக்குப் பக்கத்தில் சுருண்டுகொண்டது. வெள்ளையம்மா வளர்த்த பூனை. அவள் போன பிறகு என்னைச் சட்டை செய்வதே இல்லை.

சாயங்காலம் மாப்பிள்ளை கதிரேசன் போன் செய்தார். "மாமா, டிவில கொடைக்கானல் பக்கம் பனின்னு காட்டுறாங்க. பேசாம ரெண்டு பேரையும் கீழ கூட்டியாந்துரட்டா?"

"மலைப்பாதையில இத்தனை வளைவு, பச்சைப் புள்ளைய எப்பிடிங்க மாப்பிள்ளை தூக்கிட்டுப் போறது? இங்க ஒரு கொறையும் இல்ல" என்றேன். உண்மைதானே.

ஜனவரி 6, திங்கள்

அறையின் ஜன்னல் கதவு சரியாகச் சாத்தாது. கட்டும்போதே கொத்தனாரிடம் சண்டை போட்டேன். அந்த இடைவெளியில் பனிக்காற்று ஊசியாக வருகிறது. உருளைக்கிழங்குப் பாத்தியை மூட வாங்கி வைத்த பாலிதீன் தாள் கிடந்தது. அதை வெட்டி ஜன்னல் முழுக்க உள்பக்கமாக ஒட்டிவிட்டேன். மேலே இருந்த காற்றுத் துளைகளையும் அடைத்தேன். கதவுக்குக் கீழே பழைய சாக்கு.

சடையாண்டி வந்து பார்த்தான். "வெள்ளாமைக்கு வாங்குனத வீட்டுக்குப் போட்டுட்டியே மச்சான். காட்டுல கெழங்கு நடுங்குது, போயி அதுக்கும் ஒரு கம்பளி போத்து" என்று சிரித்தான். நான் சொன்னேன், "கெழங்கு அடுத்த பட்டத்துக்கும் மொளைக்கும்டா, போ."

தமயந்தி தலை வலிக்கிறது என்றாள். பாலூட்டுகிறவளுக்குத் தூக்கம் கெடுகிறது, தலை வலிக்காமல் என்ன செய்யும்? சுக்கு அரைத்துப் பற்றுப் போட்டேன். "ஜன்னல கொஞ்சம் தொறந்து வையிப்பா" என்றாள். பிள்ளை பெற்றவள் சொல்கிற பேச்சா அது!

ஜனவரி 7, செவ்வாய்

ஓடையோரப் பாத்தி கருகிவிட்டதாம். சடையாண்டி சொன்னான், நான் போய்ப் பார்க்கவில்லை. பிள்ளை நன்றாகத் தூங்குகிறான்.

ஜனவரி 8, புதன்

இன்று வீட்டில் சண்டை.

காலையில் கங்கு மாற்றப் போனபோது பார்த்தேன், தலைமாட்டுப் பக்கம் பாலிதீன் தாளில் ஒரு கீறல். எலி கடித்தது இல்லை, நேராகக் கத்தியால் வெட்டியிருக்கிறது. "இது யாரு வேலை?" என்றேன்.

"நாந்தாம்ப்பா. மூச்சு முட்டுது. எந்திரிச்சா கண்ணு இருட்டுது. நேத்து வாந்தி எடுத்தேன், ஒங்கிட்ட சொல்லல."

"லேகியம் ஒத்துக்கலன்னு சொல்லு. அதுக்கு ஜன்னல ஏன் கிழிக்கிற? புள்ளைக்கு சளி கட்டுனா யாரு பதில் சொல்றது? ஒங்கம்மா இருந்தா இப்பிடிச் செய்வியா?"

"அம்மா இருந்தா தொறந்து விட்டிருப்பா" என்றாள்.

அகலமான டேப் வாங்கிவந்து கீறலின் மேல் இரண்டு வரிசையாக ஒட்டினேன்.

பூங்கோதை பிள்ளையைக் குளிப்பாட்டிவிட்டு, "என்னண்ணே, புள்ள தண்ணி ஊத்துனாக்கூட அழுக மாட்டேங்குது" என்றாள். நான் சொன்னேன், "சமத்து. ஒம் புள்ளைக மாதிரி ஊரைக் கூட்டுவானா?" அவள் சிரிக்கவில்லை. "அந்த ரூமுக்குள்ள போனாலே கிறுகிறுன்னு வருதுண்ணே" என்றாள். அடுப்படியிலேயே பிறந்து வளர்ந்தவளுக்குத் திடீரென்று சொகுசு.

மத்தியானம் சமாதானமாகப் போகலாம் என்று அறையில் போய் உட்கார்ந்து பேரனை மடியில் வைத்துக்கொண்டேன். கன்னம் இரண்டும் செக்கச்செவேல் என்றிருந்தது. நல்ல சூடு, நல்ல ரத்தம். வெளியே வந்தபோது எனக்கே தலை கனத்தது. வயசு.

மாப்பிள்ளை மறுபடி போன். வெள்ளிக்கிழமை கார் எடுத்துக்கொண்டு வருகிறாராம், தமயந்தி வரச்சொல்லிவிட்டாளாம். எனக்குத் தெரியாமல்! "ரோட்டுல மரம் விழுந்து கெடக்குதுங்க மாப்பிள்ளை, வண்டி எதுவும் வரல. பொங்கல் கழிச்சு வாங்க" என்றேன். மரம் விழுந்தது போன வாரம். அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். ஆனாலும் பனிக்காலத்தில் மரம் எப்போது வேண்டுமானாலும் விழலாம்.

ஜனவரி 9, வியாழன்

கறுப்பி செத்துப்போய்விட்டது. காலையில் கட்டிலுக்கு அடியில் சட்டியை எடுக்கக் குனிந்தால், பக்கத்திலேயே கால் நீட்டிக் கிடந்தது. தொட்டுப் பார்த்தேன், கட்டை. தமயந்தி தூக்கத்தில் இருந்தாள். கூப்பிட்டும் எழவில்லை, அப்படி ஓர் அசதி. சாக்கில் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்க் கொட்டகைக்குப் பின்னால் புதைத்தேன். தரை இறுகிக் கிடந்தது, மண்வெட்டி இறங்கவே இல்லை.

தமயந்தி எழுந்து, "கறுப்பி எங்கப்பா?" என்றாள். "சடையாண்டி வீட்டுல கருவாட்டு வாசனைக்குப் போயிருக்கும்" என்றேன். உண்மையைச் சொன்னால் பயந்து இன்றைக்கே வண்டி ஏறிவிடுவாள். அப்புறம் இந்த வீட்டில் நானும் சுவரும்தான்.

வயசான பூனை, குளிர் தாங்கவில்லை. கட்டிலுக்கு அடியிலேயே இவ்வளவு குளிர் என்றால் மேலே கிடக்கிற பிள்ளைக்கு எப்படி இருக்கும்? அதனால் பொழுது சாய்ந்ததும் இன்னொரு சட்டியிலும் கங்கு நிரப்பி வைத்தேன். நன்றாகப் புகை அடங்கிய பிறகுதான்.

ஜனவரி 10, வெள்ளி

ஆஸ்பத்திரி. இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள்.

ஜனவரி 11, சனி

துணிமணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். எழுதிவிட்டுப் போகிறேன்.

நேற்று விடிந்தும் விடியாமலும் கஷாயம் எடுத்துக்கொண்டு போனேன். கதவு திறக்கவில்லை. தாழ்ப்பாள் போடவில்லை, ஏதோ முட்டுகிறது. தோளால் தள்ளி உள்ளே கையை விட்டேன், தலைமுடி கையில் பட்டது. என் மகள் கதவருகில் தரையில் கிடந்தாள். கட்டிலிலிருந்து அதுவரை தவழ்ந்து வந்திருக்கிறாள். கதவுக்கு அடியில் நான் அடைத்து வைத்த சாக்கைப் பிடுங்கிக் கையில் வைத்திருந்தாள்.

கஷாயத்தை எங்கே போட்டேன் என்று தெரியவில்லை. அவளை இழுத்து முற்றத்தில் கிடத்தினேன், பனியின் மேல். திரும்ப ஓடிப் பிள்ளையைத் தூக்கினேன். தலை துவண்டு தொங்கியது. முகம் மட்டும் செக்கச்செவேல். சடையாண்டி சடையாண்டி என்று கத்தினேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. பூங்கோதை ஓடிவந்து பிள்ளையை வாங்கி, சுற்றியிருந்த கம்பளியை உருவி எறிந்தாள். "குளிருமே!" என்று அலறினேன். அந்த நேரத்திலும் அதைத்தான் சொன்னேன். அவள் பிள்ளையைக் குப்புறப் போட்டு முதுகில் தட்டினாள், உள்ளங்காலைச் சுண்டினாள். பனிக்காற்று முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. பிள்ளை ஒரு தரம் விக்கினான். அப்புறம் அழுதான். பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான்.

சடையாண்டியின் ஜீப்பில் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியில் நான் கண்ணாடியை ஏற்றப் போனேன். "கைய எடுண்ணே!" என்றாள் பூங்கோதை. இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் குரல் உயர்த்தியதில்லை.

இரண்டு பேருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். டாக்டரம்மா சின்னப் பெண். "ரூமுக்குள்ள கரி போட்டிருந்தீங்களா?" என்றார். நான் புகையே வைக்கவில்லை, முழுக்க அடங்கின கங்குதான், எங்கள் ஊரில் காலங்காலமாக வைக்கிறதுதான் என்றேன். பழைய வீடு எப்படி இருந்தது என்று கேட்டார். மண்சுவருக்கும் தகரத்துக்கும் நடுவில் கை நுழையும் என்று சொன்னேன். அந்தச் சந்தில்தான் வெள்ளையம்மா சீப்பு செருகி வைப்பாள்.

"அந்த சந்துதாங்கய்யா அப்ப காப்பாத்துச்சு. மூடுன ரூம்ல கங்கு விஷக் காத்தை விடும். அதுக்கு நிறமும் இல்ல, வாசனையும் இல்ல. புகையோட வச்சிருந்தாக்கூட இருமிட்டு எந்திரிச்சு வெளிய ஓடியிருப்பாங்க" என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

சாயங்காலம் மாப்பிள்ளை வந்தார். தலைமுடியெல்லாம் கலைந்து கிடந்தது. ரோட்டில் மரம் இருந்ததா என்று என்னைக் கேட்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "யாரு இந்த வேலை பார்த்தது?" என்று மட்டும் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் தமயந்தி மூக்கில் இருந்த குழாயோடு சொன்னாள், "நாந்தாங்க கேட்டேன். குளிருதுன்னு நாந்தான் அப்பாவ நெருப்பு வைக்கச் சொன்னேன்."

நான் சுவரில் சாய்ந்து நின்றேன். இல்லை என்று சொல்லவில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

இன்று அனுப்பிவிட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே கார் கீழே இறங்கிவிட்டது. "கொஞ்ச நாள் அங்கயே இருக்கட்டும் மாமா" என்றார் மாப்பிள்ளை. சரிங்க என்றேன். தமயந்தி என் கையைப் பிடித்து, "நேரத்துக்குச் சாப்பிடுப்பா" என்றாள். அவள் கண்ணை நான் பார்க்கவில்லை. சடையாண்டி என்னை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தான்.

ஜனவரி 13, திங்கள், போகி

ஊரெல்லாம் பழையதைப் போட்டுக் கொளுத்துகிறார்கள். எங்கள் வீட்டு வாசலில் நெருப்பு வைக்கவில்லை. கங்குச் சட்டியைக் கிணற்றடியில் கவிழ்த்து வைத்திருக்கிறேன், அதை என்ன செய்வது என்று தெரியவில்லை.

காட்டுக்குப் போனேன். ஒரு பாத்தி மிச்சமில்லை. இலையெல்லாம் கறுத்துத் துவண்டு கிடக்கிறது. நாலு நாள் காலையில் வந்து தண்ணீர் தெளித்திருந்தால் பாதியாவது தேறியிருக்கும். இதைப் பார்த்து வருத்தம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

வந்து ஜன்னலில் இருந்த தாளைப் பிய்க்கப் போனேன். நான் ஒட்டின டேப்புக்குக் கீழே, கட்டிலில் படுத்தபடி கை எட்டும் உயரத்தில், இன்னொரு கீறல் இருந்தது. எனக்குத் தெரியக்கூடாது என்று பழைய சேலை ஒன்றை அதன் மேல் தொங்கவிட்டிருப்பாள் போல. விரல் நீளம்தான். கையை வைத்துப் பார்த்தேன், காற்று வந்தது. பிள்ளையைக் கிடத்துவதும் அந்தப் பக்கம்தான். அந்த விரல் நீளக் காற்றில்தான் என் பேரன் பிழைத்தான். அது என் கண்ணில் பட்டிருந்தால் அதற்கும் டேப் ஒட்டியிருப்பேன்.

உட்கார்ந்து அழுதேன். வெள்ளையம்மா போனபோதுகூட இப்படி அழவில்லை. குளிருக்குப் பயந்து நான் எதையும் அடைக்கவில்லை. இவளும் போய்விடுவாள் என்ற பயம்தான். அதைப் பனி என்று எழுதிக்கொண்டே வந்திருக்கிறேன்.

பொழுது சாயும் நேரத்தில் தமயந்தி போன் செய்தாள். தலைவலி குறைந்திருக்கிறதாம். பிள்ளை நன்றாகப் பால் குடிக்கிறானாம். நாளைக்குப் பொங்கல் வைப்பாயா என்று கேட்டாள், பார்ப்போம் என்றேன். அப்புறம் கேட்டாள், "கறுப்பி வந்துருச்சாப்பா?"

வந்துவிட்டது, அடுப்படியில் படுத்திருக்கிறது என்று சொல்லிவிட்டிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. மாப்பிள்ளை முன்னால் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டவள், இதையும் நம்பிக்கொள்வாள்.

"செத்துப்போச்சு தாயி. வியாழக்கெழமையே. ஒங் கட்டிலுக்கு அடியில, சட்டிக்குப் பக்கத்துலதான் கெடந்துச்சு. நான் பார்த்தேன். ஒங்கிட்ட சொன்னா போயிருவன்னு மறைச்சுட்டேன். பார்த்துட்டுத்தான் அன்னிக்கு ரெண்டாவது சட்டியும் வச்சேன். மாப்பிள்ளைகிட்ட போனைக் குடு, அவருக்கும் சொல்லிர்றேன்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். அப்போது பிள்ளை அழ ஆரம்பித்தான். அந்த வாரம் முழுக்க இங்கே கேட்காத அழுகை, வீறிட்டு, ஊரைக் கூட்டுகிற அழுகை. அவள் அவனைச் சமாதானப்படுத்தவும் இல்லை, என்னிடம் பேசவும் இல்லை, கதிரேசனைக் கூப்பிடவும் இல்லை.

அவள் போனையும் வைக்கவில்லை. நான் கேட்டுக்கொண்டே நின்றேன்.